சொளகில் தெரிந்த கணக்கு: தாராவியில் ஒரு காக்டெயிலின் தீனி

ஆடி மாதம். மும்பையில் மூன்று நாளாக விடாத மழை. சயானில் நான் பறவை பார்க்கும் சிகிச்சையகத்துக்கு ஓர் ஆச்சியும் அவர் பேரனும் வந்தார்கள். கையில் துளை போட்ட செருப்புப் பெட்டி, உள்ளே ஒரு காக்டெயில், கொண்டை வைத்த சின்னக் கிளி வகை. வீடு தாராவி 90 அடி சாலைப் பக்கம், பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை.

"டாக்டரய்யா, பிள்ளை ராத்திரியில இருந்து கீழயே உக்காந்திருக்கு. வாலை ஆட்டி ஆட்டி மூச்சு வாங்குது. கம்புல ஏற மாட்டேங்கு."

பிள்ளையின் பெயர் பவுனு. வெளிர் மஞ்சள் உடம்பு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. நான்கு வயதுப் பெட்டை. தராசில் 128 கிராம் காட்டியது. காக்டெயிலுக்கு 80 முதல் 110 கிராம் வரை இருந்தால் சரி என்போம். மார்பெலும்பின் விளிம்பு என் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. இரண்டு பக்கமும் மெத்தை. இறகைச் சற்று நனைத்து விலக்கினால் தோலுக்கடியில் கொழுப்பு மஞ்சளாகத் தெரிந்தது. மேல் அலகு அளவுக்கு மீறி நீண்டிருந்தது. அடிவயிற்றில் முட்டை.

எக்ஸ்ரேயில் முட்டையின் ஓடு மங்கலான கோடாக விழுந்தது. அதைவிட என் கண்ணில் பட்டது தொடையெலும்பு. முட்டையிடப் போகும் பெட்டை ஓட்டுக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பின் உள்ளறையில் சேர்த்து வைக்கும். அதனால் அந்த நாட்களில் எலும்பு வழக்கத்தைவிட வெண்மையாகத் தெரியும். பவுனுக்கு அந்த வெண்மை இல்லை. களஞ்சியம் காலி. கால்சியம் குறைந்தால் ஓடு மட்டும் மெலிவதில்லை, முட்டையைத் தள்ளும் தசைக்கும் வலு போய்விடும்.

வெதுவெதுப்பான ஈரக் காற்றுள்ள பெட்டி, தோலுக்கடியில் நீர், கால்சியம் ஊசி, இருட்டு, அமைதி. இரவு ஒன்பது மணிக்குத் தோல்முட்டையாக வந்து விழுந்தது. வீட்டிலேயே எண்ணெய் தடவி வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. முட்டை உள்ளே உடைந்தால் பறவை பிழைப்பது அரிது. ஆச்சி அதைச் செய்யாமல் நேரே தூக்கிக்கொண்டு வந்தார், நல்ல காலம்.

மறுநாள் விசாரித்தபோது கதை நீண்டது. அந்த ஆண்டில் இது மூன்றாவது ஈடு, அதாவது தொடர்ச்சியாக முட்டையிடும் மூன்றாவது சுற்று. ஆண் பறவை கிடையாது. ஆணில்லாமலும் பெட்டை முட்டையிடும். ஒவ்வொரு முட்டையையும் போட்டவுடனே எடுத்து எறிந்திருக்கிறார்கள். எடுக்க எடுக்க அவளும் இட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"என்ன தீனி போடுறீங்க ஆச்சி?"

"எல்லாந்தான் கலந்து போடுதோம். ஒண்ணு விடாம."

பேரன் கைப்பேசியில் பையின் படத்தைக் காட்டினான். சூரியகாந்தி, குசும்பா, தினை, கம்பு, கேனரி விதை. மேலே 'சமச்சீர் உணவு' என்று கொட்டை எழுத்து. கடைக்காரர் கொடுத்த வைட்டமின் பொடியையும் அதன்மேல் தூவி வந்திருக்கிறார்கள். காசு பார்க்காமல், அக்கறை குறையாமல் செய்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த நிகழ்வை எழுத நினைத்தேன். அலட்சியத்தால் கெட்ட பறவை என்றால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஒரு வேலை சொன்னேன். காலையில் கிண்ணத்தைச் சுத்தமாகக் கழுவி, வகை வகையாக நிறுத்த 20 கிராம் கலவையைப் போடுங்கள். மறுநாள் காலை கிண்ணத்தில் இருப்பதையும் கூண்டின் அடித்தட்டில் சிந்தியதையும் ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு வாருங்கள். "உமியை எப்படிப் பிரிக்க?" என்று யோசித்தது நான்தான். ஆச்சி துணிப்பையிலிருந்து சொளகை எடுத்தார். எங்கள் மேசையிலேயே நாலு புடை புடைத்தார். உமி முழுக்க உதவியாளரின் கணக்குப் புத்தகத்தில் போய் விழுந்தது. முழுத் தானியம் சொளகில் நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஊரில் நெல் புடைத்த கை.

போட்டது: சூரியகாந்தி 6 கிராம், தினை 6, கம்பு 4, குசும்பா 2, கேனரி விதை 2. சொளகில் மிஞ்சியது: கம்பு நாலும் அப்படியே, தினை 4, குசும்பா 1, கேனரி 1. சூரியகாந்தியில் ஒரு விதைகூட இல்லை.

பை சமச்சீராகவே இருந்திருக்கலாம். பவுனு பையைச் சாப்பிடவில்லை, பொறுக்கிச் சாப்பிட்டாள். கொழுப்பு மிகுந்ததை முதலில் எடுப்பது கிளி இனத்தின் இயல்பு. காட்டில் நாளெல்லாம் பறந்து இரை தேடும் பறவைக்கு அது புத்திசாலித்தனமும்கூட. மூன்றடிக் கூண்டில் அதே புத்தி எதிரியாகிவிடுகிறது.

அந்த 6 கிராம் சூரியகாந்தியின் தோலைக் கழித்தால் ஏறத்தாழ மூன்றரை கிராம் பருப்பு. பருப்பில் பாதி எடை கொழுப்பு. 100 கிராமுக்கு 580 கலோரிக்குச் சற்று மேல் என்பதால் மூன்றரை கிராமில் 20 கலோரி. கூண்டில் உட்கார்ந்தே இருக்கும் 100 கிராம் காக்டெயிலுக்கு ஒரு நாள் தேவையே அதை ஒட்டித்தான். தினையும் கேனரியும் அதற்கு மேல் வந்த வட்டி.

கால்சியத்தின் கணக்கு இதைவிட மோசம். 100 கிராம் சூரியகாந்திப் பருப்பில் கால்சியம் 80 மில்லிகிராமைத் தொடாது. பாஸ்பரஸோ 600க்கு மேல். பாஸ்பரஸ் இப்படி ஓங்கி நின்றால் இருக்கிற கொஞ்சம் கால்சியமும் உடம்பில் ஒட்டாது. பவுனு ஒரு நாள் முழுக்கத் தின்றதைக் கூட்டினால் 5 மில்லிகிராம் கால்சியம்கூடத் தேறவில்லை. ஒரு காக்டெயில் முட்டையின் ஓட்டுக்கு மட்டும், என் கணக்கில், சுமார் 150 மில்லிகிராம் வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இட்டு, ஓர் ஈட்டுக்கு நாலைந்து முட்டை. மூன்று ஈடு. மீதியை எலும்பிலிருந்து உருவித்தான் கொடுத்திருக்கிறாள்.

வைட்டமின் பொடி என்ன ஆயிற்று? கிளி இனம் கோழிபோல விதையை முழுதாக விழுங்காது. ஒவ்வொன்றையும் நாக்கால் உருட்டி, தோலை உரித்து, பருப்பை மட்டும் தின்னும். தூவிய பொடி தோலோடு போய் அடித்தட்டுக் காகிதத்தில் சேர்ந்தது. கிளிக்கு மணல் போட வேண்டும் என்று சில கடைகளில் சொல்வார்கள். தோல் உரித்துத் தின்னும் பறவைக்கு அதுவும் தேவையில்லை.

குடிநீரில் விடும் வைட்டமின் சொட்டைப் பற்றியும் பேரன் கேட்டான். நான் ஒப்புவதில்லை. எவ்வளவு குடித்தது என்று தெரியாது, தண்ணீரில் நேரமாக ஆக மருந்தின் வீரியம் குறையும். வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூக்குப் பாதை, சிறுநீரகம் ஆகியவற்றின் உட்தோல் தடித்துத் தும்மலும் சீழும் வரும் என்பது உண்மை, விதை மட்டும் தின்னும் பறவைகளில் அது சகஜம். ஆனால் காக்டெயிலுக்கு அந்த வைட்டமின் மிஞ்சினாலும் கேடு. கீரையிலும் மஞ்சள் பூசணியிலும் இருப்பது கரோட்டின். தேவைக்கேற்ப உடம்பே அதை வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். மிஞ்சுகிற பயம் அதில் இல்லை.

இனி என் தவறு.

"பாதிக்குப் பாதி பெல்லட் கலந்து போடுங்க, சூரியகாந்தியை நிறுத்துங்க" என்று சொல்லி அனுப்பினேன். பெல்லட் என்பது தேவையான சத்துகளைச் சேர்த்து அரைத்து உருண்டையாக்கிய கடைத் தீனி. வழக்கமாகச் சொல்வதுதான், அவசரத்தில் அதற்கு மேல் விளக்கவில்லை. முட்டை வந்தபின் எடை 121 கிராம். நான்காம் நாள் பேரன் ஓடி வந்தான். எச்சம் சிறுத்து, கரும்பச்சையாகப் போகிறது என்றான். தராசில் 109. நான்கே நாளில் 12 கிராம், அதாவது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு.

"கிண்ணம் நிறைய இருந்ததே, டாக்டர்!"

நிறையத்தான் இருந்தது. ஊதிப் பார்த்தேன். மேலே இரண்டு விரற்கடை தடிமனுக்கு வெறும் உமி, அதற்கடியில் தொடாத பெல்லட். தினையை உரித்துத் தின்றுவிட்டு, பெல்லட்டை உணவென்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து விதை மட்டுமே கண்ட பறவைக்கு அந்த உருண்டை ஒரு கூழாங்கல். கொழுத்த பறவை பட்டினி கிடந்தால் மெலிந்து நலமாகும் என்றும் நினைக்கக்கூடாது. உடம்புக் கொழுப்பு மொத்தமும் கரைந்து ஈரலில் போய் அடையும். ஏற்கெனவே கொழுப்புக் கட்டிய ஈரல் அதைத் தாங்காது.

அன்றே சூரியகாந்தியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். மருத்துவன் சொன்ன பத்தியத்தை மருத்துவனே முறிப்பது கொஞ்சம் வெட்கம்தான். மூன்று நாளில் 115க்கு வந்தாள்.

அதன்பின் இரண்டு கட்டுப்பாடு வைத்தோம். தினமும் காலை, முதல் எச்சம் போட்டபின், தீனி வைப்பதற்கு முன் எடை போட வேண்டும். சமையலறைத் தராசு போதும், ஒரு கிராம் துல்லியம் இருந்தால். ஐந்து சதவீதம் குறைந்தால் மாற்றத்தை நிறுத்திப் பழைய தீனிக்குத் திரும்ப வேண்டும். பத்து சதவீதம் என்றால் கூண்டோடு இங்கே வர வேண்டும். இரண்டாவது, கிண்ணத்தின் மேல் மேலாகத் தீனி கொட்டக்கூடாது. தினமும் காலி செய்து, ஊதி, என்ன மிஞ்சியது என்று பார்த்தபிறகே புதிது. பேரன் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, எடை, தின்றது, எச்சம் என்று நான்கு பத்தி போட்டான்.

கிண்ணத்தை அப்படி முழுதாகக் கவிழ்த்தபோது ஆச்சி இன்னொன்றையும் கண்டுபிடித்தார். வாரக்கணக்கில் தீண்டாத கம்பு அடியில் கட்டி பிடித்து, நூலாம்படை ஓடி, பூசண வாசம் அடித்தது. மும்பை மழைக்காலத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கிலோ வாங்கி அடைத்தால் இதுதான் நடக்கும். தானியத்திலும் வேர்க்கடலையிலும் வளரும் சில பூசணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். ஈரலைத் தாக்கும் நஞ்சு. கழுவினாலும் வெயிலில் போட்டாலும் நஞ்சு போகாது. பூசண வாசம் வந்தால் மொத்தமும் குப்பைக்கு. தெருப் புறாவுக்குப் போடுவதும் கூடாது. இப்போது அவர்கள் கால் கிலோ கால் கிலோவாக வாங்கி எவர்சில்வர் தூக்கில் வைக்கிறார்கள்.

பெல்லட்டைத் தின்ன வைத்தது ஆச்சியின் அடுக்களைதான். கேழ்வரகை முளைக்கட்டும் பழக்கம் அவருக்கு உண்டு. இரவு எட்டு மணி நேரம் ஊறல், வடித்துத் துணியில் கட்டல், நாலைந்து முறை அலசல், வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் எடுத்துவிடுதல். அந்த ஈர முளைத் தானியத்தில் பொடித்த பெல்லட்டைப் பிசறினோம். உலர்ந்த விதையில் நிற்காத பொடி இதில் ஒட்டிக்கொண்டது. கேழ்வரகுக்கு உரித்தெடுக்கும் தடித்த உமி கிடையாது என்பதால் பொடியோடுதான் உள்ளே போகும். அரைக் கரண்டி, காலைப் பசியில். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் புளித்துவிடும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், தானியங்களில் அதற்கு இணை இல்லை. ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிட முடியாது. தின்பது ஒன்றிரண்டு கிராம்தானே.

தானியம் வாங்குவதில் ஒரு சிக்கல். 90 அடி சாலை மளிகையில் கிடைப்பது உமி நீக்கிய தினையரிசி. தின்னலாம், ஆனால் சரியாக முளைக்காது, உரிக்கும் வேலையும் இராது. உரிப்பதுதான் கூண்டுப் பறவைக்கு மிச்சமிருக்கும் ஒரே உழைப்பு. உமியோடு கூடிய தினையே நல்லது. அதற்காக விதைக்கடையில் நடவுக்கு விற்கும் விதையை வாங்கிவிடக்கூடாது. பூஞ்சைக்கொல்லி மருந்து பூசிச் சாயம் ஏற்றியிருப்பார்கள்.

கீரையில் முருங்கை முதலில் வென்றது, அதுவும் எதிர்பாராமல். நறுக்கி வைத்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கொத்தை அலசி, நீர் சொட்டச் சொட்டக் கூண்டுக் கம்பியில் கட்டியதும் அதற்குள் புகுந்து குளித்தாள். குளியலின் நடுவே ஓர் இலையைக் கடித்தாள். மறுநாள் காம்புதான் மிச்சம். பூசணியும் சிவப்புக் குடைமிளகாயும் பின்னால் வந்தன. கேரட்டுக்கு ஆச்சி எதிரே உட்கார்ந்து தானே கடித்துக் காட்டினார். கூட்டமாக மேயும் பறவை, மற்றவர் தின்பதைப் பார்த்துத் தின்னும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பவுனு வேடிக்கை பார்த்தாள், அவ்வளவுதான். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, வெங்காயம், உப்புப் பண்டம் எதையும் இப்படிக் காட்டித் தின்ன வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன். வெண்ணெய்ப்பழம் கிளிகளின் இதயத்தையே தாக்கும்.

கால்சியத்துக்குக் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். மீன் சந்தையில் வாங்கினால் உப்புப் போக ஊறவைத்துக் காய வைக்க வேண்டும். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்குத் தோலில் வெயில் பட வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே விழும் வெயிலில் அந்தக் கதிர் வடிகட்டப்பட்டுவிடும். மழை விட்ட காலைகளில் அரை மணி நேரம் வாசலில், கூண்டின் பாதியில் நிழல் துணி போட்டு, பூனை வராமல் பேரன் காவல்.

முட்டையைத் தீனி மட்டும் நிறுத்திவிடாது. பத்துக்குப் பதினைந்தடி அறையில் ராத்திரி பதினொன்றரை வரை சீரியல், விளக்கு. நீண்ட பகலும் கொழுத்த தீனியும் சேர்ந்தால் பறவைக்கு அது இனப்பெருக்கக் காலம். மாலை ஏழரைக்குக் கூண்டைக் கருந்துணியால் மூடி மாடத்துக்கு ஏற்றினார்கள். கூண்டுக்குள் இருந்த தேங்காய்ச் சிரட்டையையும் கண்ணாடியையும் எடுத்தோம். அடுத்த ஈட்டில் இரண்டு முட்டைதான் வந்தது. எடுக்காமல் விட்டார்கள், மூன்று வாரம் அடைகாத்து, சலித்து, தானே விட்டு எழுந்தாள். பிறகு இல்லை.

ஐப்பசியில் ரத்தத்தை மறுபடி பார்த்தேன். ஆடியில் எடுத்தபோது ஊனீர், அதாவது ரத்தத்தில் செல்கள் நீங்கிய நீர்ப்பகுதி, பால்போல் இருந்தது. ஆனால் முட்டையிடும் பெட்டைக்கு ரத்தக் கொழுப்பு இயல்பாகவே ஏறும் என்பதால் அதை வைத்து ஈரலைக் குறை சொல்லவில்லை. இம்முறை தெளிவாக இருந்தது. எடை 106.

இப்போதைய தீனி: சூரியகாந்தி இல்லாத சிறுதானியம் பாதி, பெல்லட் மூன்றில் ஒரு பங்கு, மீதி கீரையும் காயும். பெல்லட்டை எண்பது சதவீதத்துக்கு ஏற்றியிருக்க வேண்டும் என்று என் சக மருத்துவர்கள் சிலர் சொல்வார்கள். பெரிய கிளிகளில் நானும் அப்படித்தான் சொல்வேன். கால்சியம் குறைந்து வலிப்பு வரும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு இந்தப் பாதித் தானியக் கணக்கு ஆகாது. காக்டெயில் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் புல் விதை பொறுக்கி வாழும் பறவை. சிறுதானியம் அதற்கு அந்நியமில்லை, சூரியகாந்திதான் அந்நியம். நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஆச்சி குறுக்கிட்டார்: "வள்ளி கிளி வெரட்டுனது தினைப்புனத்துலதானய்யா. சூரியகாந்தித் தோட்டத்துலயா?" அதோடு இறக்குமதிப் பெல்லட்டின் விலை அந்த வீட்டுக்குத் தாங்க வேண்டும். தாங்காத பத்தியத்தை எழுதிக் கொடுத்தால் இரண்டாம் மாதம் பழைய பைக்குத்தான் திரும்புவார்கள்.

சூரியகாந்தி முழுதாகப் போகவில்லை. நாளுக்கு நான்கு விதை, கையிலிருந்து மட்டும். தராசில் ஏறி நின்றால் ஒன்று, கூண்டுக்குள் திரும்பினால் ஒன்று. கிளி ஜோசியக்காரர் சீட்டு எடுத்த கிளிக்கு ஒரே ஒரு நெல் கொடுப்பாரே, அந்தக் கணக்கு. அவர் கையிலிருப்பது பச்சைக்கிளி என்பது வேறு விஷயம்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். ஆச்சியின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தம் பச்சைக்கிளிக்கும் இதே பட்டியலைக் கேட்டு அனுப்பினார். வனத்துறையின் மீட்பு மையத்தில் ஒப்படைக்கும் வழியைத்தான் சொல்லியனுப்பினேன். அவருக்கு வருத்தம்.

பொங்கல் முடிந்து அலகு தேய்க்க வந்தார்கள். தேய்க்கத் தேவையிருக்கவில்லை, நீளம் சரியாக இருந்தது. பேரன் நோட்டை நீட்டினான். கடைசி வரி: "103 கிராம். முளைக் கேழ்வரகு காலி. முருங்கை காலி. கேரட் தொடவில்லை."